டயர் தரையிலா, ஜாக்கியிலா? ஆர்ம் போல்ட்டை எப்போது முறுக்குவது?

தச்சநல்லூர் டர்னர்:
நம் மாவட்டக் கார் குழுவில் நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "வீலைச் சேசிஸோடு இணைக்கிற, நீளம் மாற்றக்கூடிய அட்ஜஸ்டபிள் ஆர்ம் மாட்டும்போது வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முறுக்கிவிடலாம். டயர் தரையில் நிற்க வேண்டும் என்பது பழைய ஆட்கள் கட்டிய கதை." அந்தப் பழைய ஆள் நான்தான். இதைப் படித்துவிட்டு எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஆர்ம் முனையில் இருக்கிற ரப்பர் புஷ் சுற்றுகிற சாமான் இல்லை. உள்ளே இரும்புக் குழாய், வெளியே இரும்பு வளையம், நடுவில் ரப்பர். மூன்றும் ஒட்டியே வார்த்தவை. போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் சேசிஸோடு இறுகிவிடும். அப்புறம் ஆர்ம் மேலும் கீழும் ஆடுவது முழுக்க ரப்பர் முறுக்கிக்கொடுப்பதால்தான். டயர் தொங்கும்போது இறுக்கினால் அந்தத் தொங்கலே ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். 300 மில்லிமீட்டர் நீள ஆர்ம், 80 மில்லிமீட்டர் தொங்கல் என்று வையுங்கள், 15 டிகிரிக்கு மேல் வரும். வண்டி வாசலில் சும்மா நிற்கும்போதும் ரப்பர் அந்த 15 டிகிரி முறுக்கிலேயே கிடக்கும். எத்தனை நாள் தாங்கும்? டயர் தரையில் நிற்கணும். அவ்வளவுதான்.

வள்ளியூர் காத்து:
எழுதியது நான்தான் அண்ணாச்சி. பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம். என் ஸ்கோடா லாரா காருக்குப் பின்பக்க மேல் ஆர்ம் இரண்டும் மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. லிஃப்ட்டில் தொங்கவிட்டுத்தான் முறுக்கினேன். அதற்கு அப்புறம் 34,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. வாரா வாரம் காவல்கிணறு, நாங்குநேரி என்று நாலுவழிச் சாலையில் போகிறவன். ஒரு சத்தம் கிடையாது. கணக்கு உங்களிடம், வண்டி என்னிடம்.

பாளை சிவிக்:
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2010 மாடல் சிவிக். ஸ்பிரிங் மாற்றி இறக்கியதும் பின்டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் தேய்ந்தது. கேம்பர் மைனஸ் 3-க்கு மேல் போய்விட்டது, அதாவது டயரின் தலை அந்த அளவுக்கு உள்ளே சாய்ந்துவிட்டது. நீளம் கூட்டிக் குறைக்கிற மேல் ஆர்ம் வாங்கி ஒரு பட்டறையில் மாட்டினேன். ஜாக்கியில் நிற்கும்போதே ஏர் கன் வைத்து இறுக்கிவிட்டார்கள். ஆறாவது மாதம், ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் பின்னால் "டொக்கு டொக்கு". கழற்றிப் பார்த்தால் உள்குழாயைச் சுற்றிப் பாதி நிலா மாதிரி ரப்பர் விட்டுப்போயிருந்தது. அந்த இடுக்கில் என் நகம் முழுசாகப் போனது. கறுப்புத் தூள் கொட்டியது. புது ஆர்ம் ஐயா அது. வயிறு எரிந்தது.

தச்சநல்லூர் டர்னர்:
பார்த்தீரா வள்ளியூர்? டயர் தரையில் நிற்கணும்.

வள்ளியூர் காத்து:
ஏர் கன் வைத்து அடித்தால் எதுதான் நிற்கும்? அது பட்டறைக்காரன் கைப்பிழை. தொங்கவிட்டதால் அல்ல.

மேலப்பாளையம் டயர்:
ஒரு நிமிஷம். வள்ளியூர் தம்பி, உங்கள் ஆர்மில் இருப்பது ரப்பர் புஷ்ஷா, பாலியூரித்தேனில் செய்த பாலி புஷ்ஷா, இல்லை உருண்டை வைத்த ரோஸ் ஜாயின்ட்டா? ரோஸ் ஜாயின்ட் என்றால் அது தானாகச் சுழலும், எந்த நிலையில் இறுக்கினாலும் முறுக்கு ஏறாது. பாலி புஷ்ஷும் பெரும்பாலும் குழாய் மேல் வழுக்கிச் சுற்றுகிற வகைதான். அண்ணாச்சி சொல்வது ஒட்டி வார்த்த ரப்பருக்கு. இதை முதலில் தீர்த்துக்கொண்டால் சண்டையே இல்லை.

வள்ளியூர் காத்து:
ரோஸ் ஜாயின்ட்தான். அதனால் என்ன? நான் தொங்கவிட்டு முறுக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. அதைத்தானே சொல்கிறேன்.

தச்சநல்லூர் டர்னர்:
எந்த ஜாயின்ட் ஆனாலும் டயர் தரையில் நிற்கணும். பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. இன்றைக்கு ரோஸ் ஜாயின்ட்டைத் தொங்கவிட்டு இறுக்குகிற பையன் நாளைக்கு ரப்பரையும் தொங்கவிட்டு இறுக்குவான். நான் 31 வருடமாக லேத்தில் நிற்கிறேன், என் கையால் பிரஸ்ஸில் அழுத்தி எடுத்த கிழிந்த புஷ்களைக் கூட்டினால் ஒரு சாக்கு நிறையும். பாதிக்கு மேல் இப்படி இறுக்கிக் கிழித்தவை.

கோவை டிராக்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ரேஸ் காரில் ரப்பர் புஷ்ஷைப் பெரும்பாலும் வைப்பதில்லை. கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இலிருந்து இருக்கிற ஊர் எங்களுடையது. இந்த விஷயம் எங்கள் சின்னப் பையன்களுக்கே தெரியும். நெல்லையில் இதற்கு இவ்வளவு பெரிய சண்டையா?

தச்சநல்லூர் டர்னர்:
டிராக் வண்டி ஞாயிற்றுக்கிழமை ஓடும், திங்கட்கிழமை பிரித்துவிடுவீர்கள். எங்கள் வண்டி மணிமுத்தாறு போகும், திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் போகும், தூத்துக்குடி உப்பளத்து ரோட்டில் போகும். உறை இல்லாத ரோஸ் ஜாயின்ட்டில் அந்தச் செம்மணல் போய் உட்கார்ந்தால் அரைக்கல் மாதிரி அரைக்கும். கோவைக்காரர் வந்து கற்றுத்தர வேண்டாம்.

கோவை டிராக்:
சரி, நல்லது. ஆனால் லேத் பட்டறையில் பைப்பை வெட்டி வெல்டிங் வைத்த ஆர்மை வாங்கி மாட்டி யாரும் உயிரை விடாதீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

தச்சநல்லூர் டர்னர்:
யாரைக் குத்துகிறீர் என்று தெரிகிறது. கேட்டுக்கொள்ளும்: இந்தக் கை ஒரு ஆர்மைக்கூட வெல்டிங் வைத்து விற்றதில்லை. கேட்டு வந்த பையன்களை ஏசி அனுப்பியிருக்கிறேன். நான் செய்வது ஸ்பேசர், ஸ்லீவ், புஷ் அழுத்துகிற டூல்.

ஆர்ம் வாங்க வருகிறவனிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது மரையைத்தான். 12 மில்லிமீட்டர் மரை என்றால் குறைந்தது 18 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கணும், விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. நீளம் வேண்டும் என்று அதற்கு மேல் வெளியே இழுத்தால் ஒரு பள்ளம் போதும், பிய்த்துக்கொண்டு வரும். ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரையாக இருந்தால் வண்டியிலேயே வைத்து நடுக்குழாயைத் திருகி நீளம் மாற்றலாம். இடது மரைப் பக்கத்து லாக் நட்டைத் தெரியாமல் வழக்கமான பக்கம் திருகி, கழறவில்லை என்று பைப் போட்டு நெம்பி மரையை நாசம் பண்ணிக்கொண்டு வருகிறவர்கள் வருடத்துக்கு நாலு பேர். இறுக்கியதும் நட்டில் தொடங்கி ஆர்ம் வரை வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள். அடுத்த சர்வீஸில் கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்துவிட்டது என்று கண்ணாலேயே தெரியும். உப்புக்காற்றில் ஓடுகிற வண்டி என்றால் மரையில் ஆன்ட்டி சீஸ் (துருப்பிடித்து ஒட்டாமல் தடுக்கிற பசை) பூசணும், இல்லாவிட்டால் அடுத்த அலைன்மென்ட்டுக்குக் காஸ் வைத்துச் சுடாமல் அசையாது.

இத்தனையும் செய்துவிட்டு, டயர் தரையில் நிற்கணும்.

அம்பை ஸ்விஃப்ட்:
அண்ணாச்சி, என் ஸ்விஃப்ட்டுக்குப் பின்னால் போட இந்த ஆர்ம் கிடைக்குமா?

மேலப்பாளையம் டயர்:
தம்பி, ஸ்விஃப்ட்டுக்குப் பின்னால் ஒரே டார்ஷன் பீம், அதாவது இரண்டு வீலையும் சேர்க்கிற ஒற்றை உத்தரம். மாற்ற ஆர்மே கிடையாது. காசை வைத்து நல்ல டயர் வாங்குங்கள்.

பேட்டை வக்கீல்:
யாராவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படித்தீர்களா? ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் இதைத்தான் கிளறுவார்.

வள்ளியூர் காத்து:
ஆர்.சி.யில் ஆர்ம் நீளம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது வக்கீல் சார்? பேச்சை மாற்றாதீர்கள்.

மேலப்பாளையம் டயர்:
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். வண்டி தரையில் நிற்கும்போது வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் லிஃப்ட்டில் ஏற்றி, நக்கிளுக்கு, அதாவது வீல் மாட்டியிருக்கிற இரும்புத் துண்டுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை தூக்குங்கள். அந்த நிலையில் இறுக்கினால் தரையில் நிற்பதும் அதுவும் ஒன்றுதான். சிவிக் மாதிரி தாழ்ந்த வண்டிக்குக் கீழே ஸ்பேனர் போகவே இடம் இருக்காது, அதற்கு இதுதான் வழி. இன்னொன்று: கேம்பரை மாற்றினால் டோவும் மாறும், அதாவது மேலிருந்து பார்த்தால் டயரின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு. டயரை வேகமாகத் தின்பது கேம்பரைவிட டோதான். ஆர்ம் மாற்றிவிட்டு அலைன்மென்ட் பார்க்காமல் தென்காசி வரை போய்வந்த டயர்களை நான் தினமும் பார்க்கிறேன், உள்விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருக்கும்.

பாளை சிவிக்:
பாய், இது உருப்படியான யோசனை. இந்த முறை அப்படித்தான் செய்யப்போகிறேன்.

தச்சநல்லூர் டர்னர்:
ஜாக்கியில் தூக்கி அளப்பதெல்லாம் இடம் இல்லாதவன் செய்கிற வேலை. குழியில் இறங்கு, டயர் தரையில் இருக்கட்டும், இறுக்கு. தரை என்றால் தரைதான்.

வள்ளியூர் காத்து:
பாய் சொல்வதையும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். உங்களுக்கு வேண்டியது சரியான வேலை அல்ல அண்ணாச்சி, உங்கள் வார்த்தை ஜெயிக்கணும். 34,000 கிலோமீட்டர், ஒரு சத்தம் கிடையாது.

தச்சநல்லூர் டர்னர்:
ரோஸ் ஜாயின்ட்டை வைத்துக்கொண்டு ரப்பர் புஷ்ஷைப் பற்றிச் சட்டம் பேசுகிறீர், கேட்டீரா. உம்ம பேச்சில்தான் மரை கழன்றிருக்கிறது. அந்தக் குழுவில் 200 பேர் இருக்கிறார்கள். உம்மை நம்பி எத்தனை பையன்கள் புஷ்ஷைக் கிழிக்கப்போகிறார்களோ?

வள்ளியூர் காத்து:
வார்த்தையை அளந்து விடுங்கள். போன குற்றாலம் சீசனுக்கு முன்னால் என் டார்க் ரெஞ்சை, போல்ட்டை அளவாக முறுக்குகிற ஸ்பேனரை, வாங்கிப் போனது யார்? திருப்பிக் கொடுத்தபோது உச்ச அளவிலேயே முறுக்கி வைத்த மாதிரி வந்தது. அந்த மாதிரி கிளிக் ரெஞ்சை வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வைக்கணும், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து அளவு பொய் சொல்லும். 31 வருட அனுபவத்துக்கு அது தெரியாதா?

தச்சநல்லூர் டர்னர்:
அது என் கைக்கு வரும்போதே பொய்தான் சொன்னது. என் ரெஞ்ச் ஒன்று சொன்னது, உம்முடையது வேறொன்று சொன்னது. அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருக்கணும், நட்புக்காகச் சும்மா இருந்தேன்.

பாளை சிவிக்:
அண்ணாச்சி, என் புஷ் எந்த சைஸ் என்று மட்டும் சொல்லிவிடுங்களேன். ஸ்லீவ் கடைந்து தர எத்தனை நாள் ஆகும்?

வள்ளியூர் காத்து:
என் ரெஞ்ச் பொய் சொன்னதா? பில்லை எடுத்துப் போடுகிறேன், பொறுங்கள்.

தச்சநல்லூர் டர்னர்:
போடும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறந்திருக்கும். உம்ம ரெஞ்சையும் கொண்டு வாரும், லாராவையும் கொண்டு வாரும். நாலு பேர் முன்னால் வைத்துப் பார்ப்போம். டயர் தரையில் நிற்க.

வள்ளியூர் காத்து:
வருகிறேன். லிஃப்ட் இருக்கிற பட்டறையாகச் சொல்லுங்கள்.