காலனி அமைச்சரின் பிரைவேட் செக்ரட்டரிக்கு நாள் முழுக்க என்ன வேலை?

ஏட்டுப்பூச்சி:
1906-இல் காந்தி லண்டனில் இருந்து எழுதிய கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் காலனியில் இருந்த இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்ற சட்டத்தை நிறுத்தக் கேட்டு, அவரும் ஹாஜி ஓஜர் அலியும் போன பயணம் அது. ஓட்டல் செசிலில் உட்கார்ந்துகொண்டு கடிதமாக எழுதித் தள்ளுகிறார். ஆனால் பிரிட்டிஷ் அரசில் காலனிகளுக்கான அமைச்சர் எல்ஜின் பிரபுவுக்குப் போக வேண்டியதெல்லாம் "எல்ஜின் பிரபுவின் பிரைவேட் செக்ரட்டரி அவர்களுக்கு" என்றே போகிறது. யார் இவர்? கட்சிக்காரரா, அரசு ஊழியரா? வெறும் தபால் வாங்குகிற ஆளா, இல்லை உள்ளே ஏதாவது நடத்த முடிந்தவரா?

கோட்டைப் பென்ஷனர்:
தம்பி, நான் சென்னைக் கோட்டையில் அமைச்சர் ஒருவருக்கு நேர்முக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

பெரும்பாலும் அரசு ஊழியர்தான். காலனி அலுவலகத்தில் போட்டித் தேர்வு எழுதி வந்த அதிகாரிகளில் ஒருவரை அமைச்சர் பக்கத்தில் வைத்துக்கொள்வார். நன்றாகத் தெரிந்த உதாரணம் எட்வர்ட் மார்ஷ். கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் லத்தீனும் படித்தவர், 1896-இல் வேலைக்குச் சேர்ந்தார். 1905 டிசம்பரில் எல்ஜினுக்குக் கீழே துணை அமைச்சராக வின்ஸ்டன் சர்ச்சில் வந்தபோது, அவருடைய பிரைவேட் செக்ரட்டரி ஆனார். சர்ச்சிலுக்கு அப்போது 31 வயது. மார்ஷ் இரண்டு வயது மூத்தவர். இந்த மனிதரோடு ஒத்துப்போகுமா என்று பயந்து, சர்ச்சிலை நன்றாக அறிந்த ஒரு சீமாட்டியிடம் யோசனை கேட்கப் போனாராம். "முதல் சந்திப்பிலேயே அவருடைய குறையெல்லாம் தெரிந்துவிடும், நல்ல குணங்களைக் கண்டுபிடிக்க மீதி ஆயுள் வேண்டும்" என்ற பொருளில் அவர் சொல்ல, இவரும் சரி என்று சேர்ந்துவிட்டார்.

இனி வேலைக்கு வருகிறேன். ஆளுநர் அனுப்பிய கடிதம் வந்ததும் பதிவறையில் எண் விழும். கீழ்நிலை அதிகாரி முதல் குறிப்பு எழுதுவார். அது படிப்படியாக மேலே ஏறி, அதிகாரிகளில் தலைமையான நிரந்தரச் செயலரைத் தாண்டி, சர்ச்சிலிடம் வந்து, கடைசியில் எல்ஜினிடம் போகும். ஒவ்வொருவரும் குறிப்பு எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போடுவார்கள். நம் கோட்டைக் கோப்பும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். எல்ஜின் பிரபுக்கள் சபையில் இருந்ததால், மக்கள் சபையில் காலனிகள் பற்றிய கேள்விக்கெல்லாம் சர்ச்சில்தான் எழுந்து நிற்க வேண்டும். அவர் நிற்பதற்கு முன்னால் தாள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் யார் முகத்தைப் பார்ப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

உள்ளே நடத்த முடிந்தவரா என்று கேட்டீர்களே, அதற்கு என் கதையைச் சொல்கிறேன். எங்கள் அமைச்சர் காரில்தான் கோப்பு பார்ப்பார். கோட்டையிலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் எது அவர் மடியில் இருக்கும் என்பது என் கையில். வெறும் கையெழுத்து போதும் என்பவை மேலே. படிக்க வேண்டியவை நடுவில், பக்கத்துக்குக் கொடி வைத்து. கோபம் வரக்கூடியவை அடியில். சிக்னலில் வண்டி நிற்கும்போதுதான் பேனாவை நீட்டுவேன், ஓடும்போது போட்டால் கையெழுத்து கோணும். ஒரு கோப்பு அடியிலேயே இருந்து மறுநாளும் அடிக்கே போனால், அதைத் தடுத்தது யார் என்று எந்தக் குறிப்பிலும் இருக்காது. லண்டனிலும் இந்த இடம் இப்படித்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அப்புறம், கடிதம் ஏன் செக்ரட்டரி பெயருக்கு? பதிலும் அவர் பெயரில்தான் போகும். "பிரபு இன்ன தேதி, இன்ன மணிக்குச் சந்திக்கச் சம்மதிக்கிறார்" என்று எழுதுவார். அதில் ஒரு வார்த்தை பிசகினாலும் பிரபு எழுதியதாக ஆகாது. இது மரியாதைக்கான ஏற்பாடு மட்டும் இல்லை.

கொழும்புத்துறையான்:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இலங்கை விவகாரமும் இதே காலனி அலுவலகத்துக்குத்தான் போனது. மலாயா, மொரீஷியஸ், பிஜி, நேட்டால் எல்லாம் அங்கேதான். இந்தியாவுக்கு மட்டும் தனி அமைச்சர், தனி அலுவலகம். இரண்டும் ஒரே கட்டடத் தொகுதியில் இருந்தன என்பதுதான் வேடிக்கை. அதனால்தான் காந்தியும் அலியும் 8 நவம்பரில் எல்ஜினையும், 22 நவம்பரில் இந்தியா அமைச்சர் மார்லியையும், மாதக் கடைசியில் சர்ச்சிலையும் என்று ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டி வந்தது.

எங்கள் இலங்கை ஆட்களுக்கு அந்த வசதியும் இல்லை. காலனியில் இருப்பவர் அமைச்சருக்கு மனுப் போட வேண்டுமென்றால் ஆளுநர் வழியாகத்தான் போட வேண்டும் என்பது விதி. ஆளுநர் மேலேயே புகார் என்றாலும் அப்படித்தான்! நேரே லண்டனுக்கு எழுதியவரின் மனு கப்பலேறிக் கொழும்புக்கே திரும்பும்.

ஏட்டுப்பூச்சி:
அப்படியானால் காந்தி நேரில் போய் இறங்கியதே ஒரு தந்திரம்தான் போல. ஐயா, இந்த மார்ஷுக்குச் சொந்த வாழ்க்கை என்று ஒன்று இருந்ததா?

கோட்டைப் பென்ஷனர்:
இருந்தது, அதுவும் விசித்திரமான வாழ்க்கை. ஆனால் முதலில் 1907 பயணத்தைச் சொல்ல வேண்டும். ஓய்வுப் பயணம் போலத் தொடங்கி அரசுப் பயணமாக மாறிய ஒன்று. மால்டா, சைப்ரஸ், ஏடன், பெர்பெரா, மொம்பாசா, பிறகு ரயிலில் நைரோபி, உகாண்டா, அங்கிருந்து நைல் வழியே கார்ட்டூம். கூடவே மார்ஷ். சர்ச்சில் கப்பலிலும் சும்மா இருக்கவில்லை. வழியில் பார்த்த ஒவ்வொரு காலனி பற்றியும் நீண்ட குறிப்பாக எழுதி லண்டனுக்கு அனுப்பினார். அங்கே நிரந்தரச் செயலர் ஹாப்வுட், இந்த ஆளோடு வேலை செய்வது பெரும் தொல்லை என்று எல்ஜினிடம் புலம்பினார். கார்ட்டூமில் சர்ச்சிலின் பணியாள் ஸ்க்ரிவிங்ஸ் நோயில் விழுந்து இறந்துபோனார். அமைச்சர்களின் பயணக் கதைகளில் இதற்கு ஒரு வரிதான் கிடைக்கும். கூடப் போகிறவர்கள் எதைச் சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள் என்று யார் எழுதுகிறார்கள்? நானும் அமைச்சரின் சுற்றுப்பயணங்களில் கார் சீட்டில் தூங்கியவன்தான்.

எல்ஜின் அமைதியான மனிதர். சர்ச்சில் ஒரு குறிப்பை "இவை என் கருத்துகள்" என்று முடிக்க, எல்ஜின் அடியில் "ஆனால் என்னுடையவை அல்ல" என்று மட்டும் எழுதினார் என்று ஒரு கதை உண்டு. இப்படிப்பட்ட இரண்டு பேருக்கும் நடுவில் தாள்கள் போய்வந்த மேசையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சொந்த வாழ்க்கை என்றால் கவிதையும் ஓவியமும். மார்ஷ், 1812-இல் நாடாளுமன்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரதமர் பெர்சிவலின் கொள்ளுப்பேரன். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நாடாளுமன்றம் 50,000 பவுண்டு ஒதுக்கியது. அதில் இவருக்கு வந்த பங்கை "கொலைப் பணம்" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அதை வைத்து இளம் ஓவியர்களின் படங்களை வாங்கினார், கவிஞர்களுக்குக் கைகொடுத்தார். பகலில் கோப்பு, இரவில் கவிஞர்கள். கவிஞர் ரூபர்ட் புரூக்குக்கு 1914-இல் சர்ச்சிலின் கடற்படைப் பிரிவில் இடம் கிடைத்ததும் இவர் வழியாகத்தான்.

சர்ச்சில் எந்த அமைச்சகத்துக்குப் போனாலும் இவரையும் பெரும்பாலும் கூட்டிக்கொண்டே போனார். அவர் 1922-இல் பதவி இழந்தபோது, காலனி அலுவலகத்துக்கு வந்த டெவன்ஷயர் பிரபுவுக்கும், 1924-இல் வந்த தொழிற்கட்சி அமைச்சர் தாமஸுக்கும் இவரே செக்ரட்டரி. நீங்கள் கேட்ட கட்சிக்காரர் சந்தேகத்துக்கு இதுதான் பதில். 1937-இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் சர்ச்சிலின் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்தார், காற்புள்ளிக்கெல்லாம் இருவரும் சண்டை போட்டார்கள்.