குடும்பக் குழு: புல்வெட்டி டெக்குல ஓட்டை

ரவி: 📷 படம்
ரவி: புல்வெட்டி மெஷினுக்கு அடியில பாருங்க. டெக்குல, அதான் பிளேடை மூடியிருக்கிற தகரக் கூட்டுல, ரெண்டு விரல் நுழையற ஓட்டை. ஸ்க்ரூடிரைவரால சும்மா தொட்டேன், சருகு மாதிரி உதிருது

செல்வி அக்கா: புதுசு ஒண்ணு வாங்கிடேன்டா

ரவி: கையில காசு இருந்தா இங்க வந்து ஏன் புலம்புறேன்? என்ஜின் ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகுது. தகரம்தான் போச்சு

தினேஷ்: மாமா எபாக்சி பசையை அப்பி மேல பெயிண்ட் அடிச்சிடுங்க. தெரியவே தெரியாது 😎

பெரியப்பா: தினேஷு, நீ கொஞ்சம் சும்மா இரு
பெரியப்பா: ரவி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழட்டினியா? படத்துல மாட்டினாப்லயே இருக்கு

ரவி: இப்ப கழட்டிட்டேன் 🙈

பெரியப்பா: அதைக் கழட்டாம அடியில கை வைக்காதே. பிளேடைக் கையால திருப்பினாலே என்ஜின் ஒரு உதை உதைக்கலாம், விரல் போயிடும். சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் பக்கம் மேல இருக்கணும். இல்லேன்னா ஆயில் அதுக்குள்ள இறங்கிடும்
பெரியப்பா: ஓட்டை எங்க? என்ஜின் உக்கார்ற இடத்துலயா?

ரவி: இல்ல, புல் வெளிய வர்ற வாய்க்குப் பக்கத்துல, ஓரத்துல

பெரியப்பா: பிழைச்சே. என்ஜின் போல்ட்டைச் சுத்தி விரிசல் விட்டிருந்தா ஒட்டு நிக்காது, மொத்த அதிர்வும் அங்கதான். ஓரம்னா தைரியமா ஒட்டுப் போடலாம்

செல்வி அக்கா: ஓரத்துல சின்ன ஓட்டைதானே பெரியப்பா, அப்படியே ஓட்டினா என்ன?

பெரியப்பா: 50 செ.மீ. பிளேடு நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தினா அதோட நுனி மணிக்கு 280 கி.மீ. வேகத்துல போகும்மா. அதுல ஒரு கல்லு அடிபட்டு அந்த ஓட்டை வழியா வந்தா?

செல்வி அக்கா: ஐயோ. டேய் ஓட்டாதடா

ரவி: வெல்டிங் வச்சிடவா?

பெரியப்பா: துரு தின்ன தகரத்துல ராடை வச்சா ஒரு ஓட்டை மூணு ஓட்டை ஆகும். முதல்ல காஞ்ச புல்லைச் சுரண்டு, கம்பி பிரஷ் போடு. சுத்தியலால தட்டிக்கிட்டே வா. கணீர்னு கேக்குற இடம்தான் நல்ல தகரம். அது வரைக்கும் வெட்டி எடு
பெரியப்பா: அட்டையில அளவு வெட்டிக்கோ, சுத்தி 2, 3 செ.மீ. கூடுதலா வை. 1.5 மி.மீ. இரும்புத் தகடு போதும். அதை வெளிப்பக்கம் வச்சு போல்ட்டு போடு. உருண்டைத் தலை உள்ள, நட்டு வெளிய

ரவி: பழைய கம்ப்யூட்டர் கேபினட் மூடி கிடக்கு, ஆகுமா?

பெரியப்பா: மெல்லிசு. ரெண்டு அடுக்காப் போடு

ரவி: போல்ட்டை ஏன் அப்படித் திருப்பிப் போடணும்?

பெரியப்பா: நட்டும் போல்ட்டோட வாலும் உள்ள நீட்டிக்கிட்டு இருந்தா பிளேடு இடிக்கும். லாக் நட்டாப் போடு, சாதா நட்டு அதிர்வுல கழண்டுக்கும்
பெரியப்பா: தகடு வெளிய இருக்கிறதால உள்பக்கம் ஒரு பள்ளம் விழும். ஈரப்புல் அங்க உக்காந்தா மறுபடி துருதான். அந்தப் பள்ளத்தை மட்டும் எபாக்சியால நிரப்பு

தினேஷ்: 👀👀 என்னமோ சும்மா இருக்கச் சொன்னாங்க

பெரியப்பா: பள்ளத்துக்குத்தான் சொன்னேன், ஓட்டைக்கு இல்ல

— சாயங்காலம் —

ரவி: 📷 படம்
ரவி: முடிஞ்சது. பிளேடைக் கையால சுத்திப் பாத்தேன், ஒரு போல்ட்டுத் தலையில லேசா உரசிச்சு. கழட்டி 1 செ.மீ. மேல தள்ளிப் போட்டேன், இப்ப சரி. பழைய துளையையும் எபாக்சி வச்சு அடைச்சாச்சு

செல்வி அக்கா: பரவாயில்லையேடா! அழகா இல்ல, ஆனா கெட்டியா இருக்கு

ரவி: காசுன்னு பாத்தா போல்ட்டும் எபாக்சியும்தான். பெயிண்ட் பழைய டப்பாவுல மிச்சம் இருந்தது

பெரியப்பா: நல்லது. இனிமே ஒவ்வொரு தடவையும் வெட்டி முடிச்சதும் அடியைச் சுரண்டிட்டு வை. தண்ணி அடிச்சு அப்படியே ஈரத்தோட விட்டுடாதே

ரவி: சரி பெரியப்பா. ஒரே ஒரு சந்தேகம். பிளேடைக் கழட்டினப்ப வந்த ஒரு வாஷர் மிச்சம் இருக்கு, எங்க போடுறதுன்னு தெரியல

பெரியப்பா: ஒயரை மாட்டாதே. வர்றேன்