மறதிக்கு வல்லாரையும் வால்நட்டும் போதுமா?

கும்பகோணத்துப் பெண்:
அம்மாவுக்கு 71 வயது. சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின், வயிற்று எரிச்சலுக்குத் தினமும் பான்டோபிரசோல். இப்போதெல்லாம் சொன்னதையே திரும்பச் சொல்கிறார், அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறார். பாதம் மரத்துப்போகிறது என்கிறார். வல்லாரையும் வால்நட்டும் கொடு என்கிறார் சித்தி. என்ன சமைத்துக் கொடுக்கலாம்?

மாடித்தோட்டம்:
வல்லாரைத் துவையல் தாராளமாகக் கொடுங்கள், தோசைக்கு நன்றாக இருக்கும். ஞாபகசக்திக்கு நான் பொறுப்பில்லை. எங்கள் வீட்டுக்காரர் அதைத் தொட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்.

பழைய லேப் ஆள்:
சமையல் அப்புறம். முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12 பாருங்கள், கூடவே தைராய்டும். இதில் எது குறைந்தாலும் மறதி வரலாம். செடிகொடியில் பி12 கிடையாது. சைவக்காரர்களுக்குப் பால், தயிர்தான் வழி. உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். வயதானால் அமிலம் குறையலாம், பான்டோபிரசோல் இன்னும் அடக்கும். மெட்ஃபார்மினோ குடல் அதை உறிஞ்சுவதைக் குறைக்கும். உங்கள் அம்மாவிடம் எல்லாமே சேர்ந்திருக்கிறது.

பாதம் மரத்தால் 'சர்க்கரைதான்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பி12 குறைந்தாலும் அப்படித்தான் மரக்கும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்றும் விட்டுவிடாதீர்கள், ரத்தசோகை இல்லாமலே நரம்பு கெடலாம். ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் சோகை மறையும், நரம்புச் சேதம் தொடரும். ரத்தம் எடுக்கும் முன் சத்து மாத்திரை எதுவும் தொடங்காதீர்கள். எண் உயர்ந்து ஏமாற்றும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கும்பகோணத்துப் பெண்:
இதை யாருமே சொல்லவில்லை சார். அப்போது வால்நட், மூளைக்கு நல்லதென்று கீரையும் கொட்டைகளும் சாப்பிடச் சொல்லும் 'மைண்ட்' டயட் எல்லாம் சும்மாவா?

பழைய லேப் ஆள்:
சும்மா இல்லை, ஆனால் விளம்பரம் அதிகம். அமெரிக்காவில் 604 முதியவர்களை வைத்து 3 வருடம் மைண்ட் டயட்டைச் சோதித்தார்கள். 2023-இல் முடிவு வந்தது: வழக்கமான சாப்பாட்டையே சற்றுக் குறைத்துச் சாப்பிட்டவர்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. பின்லாந்தின் 'ஃபிங்கர்' ஆய்வில் ஓரளவு பலன் தெரிந்தது. அங்கே சாப்பாட்டோடு உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கவனிப்பு எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். வால்நட் விற்கும் விலைக்குக் கீரையும் பயறும் வேர்க்கடலையும் வாங்குவேன் நான்.

கும்பகோணத்துப் பெண்:
நாளைக் காலை அழைத்துப் போகிறேன். வெறும் வயிற்றிலா?

பழைய லேப் ஆள்:
சர்க்கரையும் பார்ப்பதானால் ஆமாம், தண்ணீர் குடிக்கலாம். கையோடு டிபன் எடுத்துப் போங்கள். பி12 எல்லைக்கோட்டில் வந்தால், குறைவு உண்மைதானா என்று தெரிய மெத்தில்மலோனிக் ஆசிட் சோதனை பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.