வைஃபை தரவில் வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏன் ஊதிப் போகிறது?

கதிர்: இரண்டு மாடித் துணிக்கடை, 9 அக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி). வாசல் கவுன்ட்டர் 800 பேர் காட்டும் நாளில் வைஃபை அறிக்கை 4,000-ஐத் தாண்டுகிறது. யார் எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதை இதை நம்பிச் சொல்லலாமா?

மாறன்: நெட்வொர்க்கைத் தேடும்போது போன் அனுப்புவது பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கும் போலி மேக் முகவரி (கருவியை அடையாளம் காட்டும் எண்). ஐபோனில் இது 2014-இல் ஐஓஎஸ் 8-லேயே தொடங்கிவிட்டது. ஒரே போன் பலராகப் பதிவாகும். முகவரியின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றென்றால் அது போலி, கணக்கில் சேர்க்காதீர்கள். தெருவில் போகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்-க்குக் (சிக்னல் வலிமையின் அலகு) கீழே இருந்தால் தள்ளிவிட்டு, வாசலில் நடந்து பார்த்து அந்த எல்லையைத் திருத்துங்கள்.

செல்வி: ஒரு திருத்தம். கடை வைஃபையில் இணைந்த போன்களைப் போலி முகவரி என்று வடிகட்டாதீர்கள். ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14 முதல் அவையும் போலி முகவரியே தருகின்றன. ஆனால் ஒரே நெட்வொர்க்கில் பொதுவாக அது மாறாது, நின்ற நேரத்தைக் கணக்கிட அது போதும். லண்டன் சுரங்க ரயிலில் 2016-இல் 54 நிலையங்களில் நடந்த சோதனையும் இணைந்த கருவிகளை வைத்தே பயணப் பாதைகளைக் கண்டது.

மாறன்: சரிதான். இடத்துக்கு வருவோம். மூன்று அக்சஸ் பாயிண்டுக்காவது ஒரே போனின் சிக்னல் கிடைக்க வேண்டும். அப்போதும் பிழை 5 முதல் 10 மீட்டர் வரை போகும், ஆகவே அலமாரிவாரியாகப் பார்க்காமல் பிரிவுவாரியாகப் பாருங்கள். நடுவழியில் வரிசையாக மாட்டியிருந்தால் இடப்பக்கமா வலப்பக்கமா என்றே பிரியாது. நாலைந்தைச் சுவர் மூலைகளுக்கு மாற்றுங்கள்.

செல்வி: மேக் முகவரியை ஹாஷ் செய்தால் (கணக்கீட்டின் மூலம் வேறு குறியீடாக மாற்றினால்) மட்டும் அடையாளம் மறைந்துவிடாது, எல்லா முகவரிகளையும் முயன்று மீட்டுவிடலாம். ரகசியச் சாவி சேர்த்து ஹாஷ் செய்து, சாவியைத் தினமும் அழியுங்கள். வாசலில் அறிவிப்பும் வையுங்கள்.