அல்டோ டிக்கிக்குள் ஒரு சொக்கெட்: நாமே போடலாமா, கராஜுக்கே விடணுமா?

கல்லடி வாவி:
கார் சுசுக்கி அல்டோ. மகள் கொழும்பில் இருப்பதால் அடிக்கடி மன்னம்பிட்டி, ஹபரணைப் பக்கமாகப் போய் வருகிறோம். போகும்போது டிக்கியில் இறால், கணவாய், எருமைத் தயிர். இதற்கென்றே 12 வோல்ட் கார் பிரிட்ஜ் ஒன்று வாங்கினேன், 60 வாட். அதன் வயர் முன் சொக்கெட் வரை எட்டவில்லை. டிக்கிக்குள்ளேயே ஒரு சொக்கெட் போட யோசனை. வீட்டு வயரிங் ஓரளவு தெரியும், வீட்டுக்கு இழுத்த 7/0.67 வயரும் (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு உள்ளது) மிச்சம் கிடக்கிறது. கராஜில் கேட்டால், "டிக்கி லைட் வயரில இருந்து எடுத்துத் தாறம், அரை மணித்தியால வேலை" என்கிறார்கள். எது நல்லது?

வயர்மன் அக்கரைப்பற்று:
அண்ணன், அந்தக் கராஜுக்கும் போகாதீர்கள், நீங்களும் தொடாதீர்கள். டிக்கி லைட் வயர் 5 வாட் பல்புக்குப் போட்ட மெல்லிய வயர். உங்கள் பிரிட்ஜ் 60 வாட், அதாவது 5 ஆம்பியர். அந்த பியூஸிலேயே வேறு சாமான்களும் ஓடும். ஒன்றில் பியூஸ் போகும், இல்லாவிட்டால் வயர் விரிப்புக்குள்ளே சூடேறிக்கொண்டே இருக்கும். ஓட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரிடம் கொடுத்து, பற்றரியில் இருந்து தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள்.

பிரியஸ் மச்சான்:
இதுக்கெல்லாம் ஆளைப் பிடிக்கணுமா? என் பிரியஸில் நானே போட்டேன். பற்றரி முனையில் ஒரு பியூஸ், ரெண்டு வயர், ஒரு சொக்கெட். தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

ஆரையம்பதி அக்கா:
முடியும்தானே! உங்கள் பிரியஸில் 12 வோல்ட் பற்றரி டிக்கிக்குள்ளேயே இருக்கிறது. அல்டோவில் அது பொனட்டுக்குக் கீழே. இடையில் தகடு, டாஷ்போர்ட், கதவுப் படி, பின்சீட் எல்லாவற்றையும் தாண்டி ஐந்து மீற்றர் வயர் போகணும். ஆனாலும் வயர்மன் தம்பி சொல்கிற அளவுக்குப் பயப்படவும் தேவையில்லை. எங்கள் வானில் நான்தான் இழுத்தேன். கஷ்டம் வயரிங்கில் இல்லை, பிளாஸ்டிக் மூடிகளை உடைக்காமல் கழற்றுவதில்தான்.

வயர்மன் அக்கரைப்பற்று:
அக்கா, நீங்கள் செய்தது சரியாக இருக்கலாம். நான் திருத்துகிற கார்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். பத்துப் பேர் நானே செய்தேன் என்றால், பலபேர் பியூஸைச் சொக்கெட்டுக்குப் பக்கத்தில், டிக்கியில் போட்டிருப்பார்கள். பியூஸ் காப்பது பிரிட்ஜை அல்ல, வயரை. பற்றரியில் இருந்து பியூஸ் வரைக்கும் உள்ள வயர் எங்காவது தகட்டில் உராய்ந்து தோல் போனால், பற்றரியின் முழுப் பலமும் அந்த இடத்தில் இறங்கும். அதைத் தடுக்க நடுவில் ஒன்றுமே கிடையாது. அதனால் பியூஸ் பற்றரி முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கணும். 15 ஆம்பியர் போதும்.

கல்லடி வாவி:
அப்போ 7/0.67 சரிதானே? 2.5 சதுர மில்லிமீற்றர், 15 ஆம்பியர் தாராளமாகத் தாங்கும்.

வயர்மன் அக்கரைப்பற்று:
தாங்கும். ஆனால் ஏழே ஏழு தடித்த இழை. சுவருக்குள் அசையாமல் கிடக்கிற வயர் அது. காரில் அதிர்ந்து அதிர்ந்து முனையில் முறியும். அதே 2.5இல் நிறைய மெல்லிய இழை உள்ள வாகன வயர் வாங்குங்கள்.

பிரியஸ் மச்சான்:
2.5 எல்லாம் கூடிப்போச்சு. 5 ஆம்பியருக்கு 1.5 காணும்.

ஆரையம்பதி அக்கா:
எரியாது, உண்மைதான். ஆனால் 1.5 வயரில் ஐந்து மீற்றருக்கு 5 ஆம்பியர் போனால் 0.3 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5 என்றால் அதில் பாதிக்குச் சற்றுக் கூட. பிரிட்ஜுக்குள் பற்றரி இறங்கினால் தானாக நிற்கிற ஏற்பாடு இருக்கும். அது பார்ப்பது தன் வாய்க்கு வருகிற வோல்ட்டை. பற்றரி நன்றாக இருக்கும்போதே, இறங்கிவிட்டது என்று நினைத்து நின்றுவிடும். மறுகா பிரிட்ஜ் பழுது என்று கடைக்காரரோடு சண்டை.

சாய்ந்தமருது நானா:
எல்லோரும் வயரைப் பற்றியே பேசுகிறீர்கள். பிரிட்ஜுக்குள் கம்பிரசர் இருக்கிறதா, விசிறி மட்டுமா? விசிறி மட்டும் உள்ளது வெளிச் சூட்டை விட 15, 20 பாகைதான் குறைக்கும். வெயிலில் நிற்கிற கார் டிக்கி 45 பாகைக்கு வந்தால் உள்ளே 25. இறாலுக்கு அது கல்லறை. ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் ஐஸ் உடைத்துப் போட்டு மூடுங்கள், கொழும்பு வரை தாங்கும். நாங்கள் காலகாலமாக மீன் அனுப்புவது அப்படித்தான்.

கல்லடி வாவி:
கம்பிரசர்தான் நானா. ரெஜிபோம் பெட்டியால் ஐஸ் தண்ணி ஒழுகி டிக்கி முழுக்க நாற்றம், வீட்டில் அதற்கு இனி அனுமதியில்லை.

வயர்மன் அக்கரைப்பற்று:
சரி, செய்வது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். அப்படியென்றால் ரிலே, அதாவது கரண்டால் இயங்குகிற சுவிட்ச் ஒன்று போட்டு, சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற மாதிரிச் செய்யுங்கள். அல்டோ பற்றரி 35 ஆம்பியர் அவர் அளவுதான். கம்பிரசர் விட்டுவிட்டுத்தான் ஓடும், ஆனாலும் இரவு முழுக்க விட்டால் காலையில் ஸ்டார்ட்டர் 'டிக்' என்று மட்டும் சொல்லும்.

பிரியஸ் மச்சான்:
ரிலே வேண்டாம். தம்புள்ளையில் சாப்பிட இறங்கும்போது கார் ஓஃப், பிரிட்ஜும் ஓஃப். அப்புறம் எதற்கு அந்த பிரிட்ஜ்? நான் எப்போதும் கரண்ட் இருக்கிற மாதிரித்தான் வைத்திருக்கிறேன்.

ஆரையம்பதி அக்கா:
மூடி திறக்காத பிரிட்ஜ் ஒரு மணித்தியாலம் குளிரை வைத்திருக்கும் மச்சான், சோறு சாப்பிட அவ்வளவு நேரம் தேவையா? பிரியஸிலும் கார் ரெடி நிலையில் இல்லாதபோது அந்தச் சின்னப் பற்றரி சார்ஜ் ஆவதில்லை. அது இறங்கினால் காரை ஓட்டுகிற பெரிய பற்றரி நிறைய இருந்தும் கார் உயிர்க்காது. ஆனால் ரிலேயும் எனக்குப் பிடிக்காது, பழுதாக இன்னொரு சாமான். டிக்கி ஓரத்தில் 15 ஆம்பியர் தாங்குகிற சுவிட்ச் ஒன்று வையுங்கள்.

வயர்மன் அக்கரைப்பற்று:
சுவிட்சை நிறுத்த மறக்கிறவர்கள்தான் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர், அக்கா.

கல்லடி வாவி:
எர்த்துக்கு, அதாவது நெகட்டிவ் வயரைக் கார் உடம்பில் கொழுவ, டிக்கித் தகட்டில் ஓட்டை போடலாமா?

ஆரையம்பதி அக்கா:
புது ஓட்டை வேண்டாம். பெற்றோல் தாங்கி பின்சீட்டுப் பக்கம்தான், துளைக்கருவி எங்கே வெளிவரும் என்று மேலே இருந்து தெரியாது. ஏற்கனவே உள்ள போல்ட் ஒன்றைக் கழற்றி, பெயின்டைச் சுரண்டி, அதிலே இறுக்குங்கள். சீட்பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். இறுக்கிய பிறகு கிறீஸ் பூசுங்கள், கடற்காற்றுக்கு நம் ஊரில் எர்த்துதான் முதலில் துருப்பிடிக்கும். மஞ்சள் உறை போட்ட வயர் கண்டால் விலகிப் போங்கள், அது எயார்பேக். தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.

கல்லடி வாவி:
சரி. 2.5 வாகன வயர், பற்றரிப் பக்கத்தில் 15 ஆம்பியர் பியூஸ். வயரையும் சொக்கெட்டையும் நான் இழுத்து வைக்கிறேன். பற்றரியில் கொழுவுவதையும் ரிலேயையும் மட்டும் ஒரு எலக்ட்ரீசியன் செய்யட்டும். நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்குவேன்.

பிரியஸ் மச்சான்:
ரிலேக்குக் கொடுக்கிற காசுக்கு இன்னும் ரெண்டு கிலோ இறால் வாங்கலாம்.

வயர்மன் அக்கரைப்பற்று:
பாதி வேலையைப் பார்த்து வருகிற எலக்ட்ரீசியன் முதலில் ஏசுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். வயரை மூடி போட்டு அடைக்காமல் விடுங்கள், அவர் பார்த்த பிறகு மூடலாம்.