‘பகிர்நடத்தை’யா, ‘விரவுவினை’யா?

வணக்கம்.

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் பல வகுப்புகள் (class, ஒருவகைப் பொருள்களுக்கான வார்ப்பு) ஒரே பெயரில் ஏற்கும் செயலுக்குத் தமிழில் ‘பகிர்நடத்தை’ என்று முன்மொழிந்தவருக்கு நன்றி. சொல் விளங்குகிறது, ஆனாலும் எனக்குத் தயக்கம். பகிர்தல் என்றால் ஒன்றைப் பலர் பங்கிட்டுக்கொள்வது. இங்கே பங்கீடே இல்லை. ஒவ்வொரு வகுப்பும் தன் வேலையைத் தன் வழியில் முழுதாகச் செய்கிறது. அழைக்கும் பெயர்தான் பொது.

நூலகத் தரவுத்தளத்தைப் பாருங்கள். ‘நூல்’ தாய் வகுப்பு. ‘இரவல் நூல்’, ‘உசாத்துணை நூல்’ சேய்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு எல்லாம் தாயிடமிருந்து வந்துவிடும். ‘இரவல்கொடு’ என்ற செயலையும் தாயிடமே வைத்தால் பேரகராதியும் வீட்டுக்குப் போய்விடும். படவீழ்த்தி (புரொஜெக்டர்) நூலே அல்ல, அதுவும் இரவல் போகிறது. அதற்காக ‘நூலகப் பொருள்’ என்று மேலே ஒரு வகுப்பைக் கட்டினால் வாசிப்பறை நாற்காலிக்கும் தவணைத் தேதி வந்து சேரும்!

பொருள்நோக்குத் தரவுத்தளங்களுக்காக 1993-இல் முதற்பதிப்பு கண்ட ஓடிஎம்ஜி (ODMG) செந்தரம் இந்தச் சிக்கலை அறிந்ததுதான். 2000-இல் வந்த 3.0 பதிப்பில், தரவையும் செயலையும் சேர்த்துப் பெறுவது ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ (extends) உறவு. அதில் ஒரு வகுப்புக்கு ஒரே தாய். செயலை மட்டும் பெறுவது வேறு உறவு, முக்காற்புள்ளியிட்டுக் குறிப்பார்கள். அதில் எத்தனை இடைமுகங்களிலிருந்தும் (interface, செயல்களை அறிவிக்க மட்டும் செய்வது) பெறலாம். நாமோ இரண்டையும் ‘மரபுரிமை’ (inheritance) என்றே எழுதுகிறோம். படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

பகிர்நடத்தைக்குப் பதில் ‘விரவுவினை’ எனலாமா? உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான வினைகளைத் தொல்காப்பிய வினையியல் தனியே தொகுக்கிறது. ‘அவன் இல்லை’, ‘அது இல்லை’: திணை மாறினாலும் வினை மாறவில்லை. அந்த இரண்டு திணைகளையும் யாரும் ஒரு தாயின் பிள்ளைகளாக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்.

இடைமுகம் என்ற சொல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். ‘இரவலுக்குரியது’ இடைமுகம்; அதனுள் அறிவிக்கப்படும் ‘இரவல்கொடு’, ‘திரும்பப்பெறு’ இரண்டும் விரவுவினைகள். இரவல் நூலும் படவீழ்த்தியும் அவற்றை ‘ஏற்கின்றன’. மரபுரிமை என்பதை எக்ஸ்டெண்ட்ஸுக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம்.

ஓரிடத்தில் என் சொல் பொருந்தாது. 2012-இல் பிஎச்பி நிரல்மொழியின் 5.4 பதிப்பு கொண்டுவந்த ‘ட்ரெயிட்’டில் (trait) பெயர் மட்டுமல்ல, ஒருமுறை எழுதிய நிரல்வரிகளே பல வகுப்புகளுக்கும் போகின்றன. அது பகிர்தல்தான். ‘பகிர்நடத்தை’யை அதற்கு வைத்துக்கொள்ள முன்மொழிந்தவர் இசைவாரா?