நற்கருணை மாநாட்டு நிறைவுத் திருப்பலி: வந்த எல்லாருக்கும் நன்மை கொடுத்தே ஆகணுமா?

சாம்பிராணி:
2028-ல் சிட்னியில் 54-வது அனைத்துலக நற்கருணை மாநாடு, அதாவது திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாகும் அப்பத்தை மையமாக வைத்து உலகக் கத்தோலிக்கர் கூடும் மாநாடு. அதே ஊரில் 1928-ல் நடந்ததற்குச் சரியாக நூறாண்டு. இடையில் 1973-ல் மெல்பர்ன். இப்போதிருந்தே நிறைவுத் திருப்பலியை, அதாவது நிறைவுப் பூசையைப் பற்றிப் பேச்சு தொடங்கிவிட்டதால் என் கருத்தை நேராகவே வைக்கிறேன். திறந்தவெளியில் லட்சம் பேர் கூடும் பூசையில் எல்லாருக்கும் நன்மை (நற்கருணை அப்பம்) கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தணும். பீடத்தைச் சுற்றி ஒரு பகுதிக்குக் கொடுத்தால் போதும். மற்றவர்கள் அந்த வாரம் முழுக்க நகரத்துப் பங்குக் கோயில்களில் வாங்கட்டும், மைதானத்தில் ஆராதனையும் பவனியும் நடக்கட்டும்.

காரணம் தெரிந்ததுதான். 2013 ரியோவில் பிளாஸ்டிக் கோப்பைகளில் நற்கருணை. 2015 மணிலா லூனெட்டாவில் மழைக்கோட்டு போட்ட கூட்டம் தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி அப்பத்தை அனுப்பியது. 2023 லிஸ்பனில் வீட்டுச் சாமான் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நற்கருணை. நற்கருணை விதிகளைச் சொல்லும் 2004-ன் வத்திக்கான் ஆவணம் ‘ரிதெம்ப்சியோனிஸ் சாக்ரமெந்தும்’ 94-ம் எண், மக்கள் தாங்களாக எடுப்பதும் கூடாது, ஒருவர் மற்றவருக்குக் கைமாற்றுவது அதைவிடக் கூடாது என்கிறது. 117-ம் எண் பாத்திரம் உறுதியானதாகவும் மதிப்புள்ளதாகவும் இருக்கணும் என்கிறது. கூட்டம் பெருத்தால் இந்த இரண்டு விதியும்தான் முதலில் காற்றில் பறக்குது.

கடலோரன்:
சாம்பிராணி ஐயா, நீங்க சொன்ன மூன்றில் ஒன்றுகூட நற்கருணை மாநாடு இல்லை. இரண்டு உலக இளையோர் நாள், ஒன்று திருத்தந்தையின் பயணம். அங்கே கூட்டம் எவ்வளவு வரும் என்று யாராலும் அறுதியிட முடியாது. மாநாட்டுக்குப் பெயர்ப்பதிவு உண்டு, பேராளர் கணக்கு உண்டு, மறைமாவட்ட வாரியாகப் பேருந்து எண்ணிக்கைகூட உண்டு. நிறைவு நாளில் உள்ளூர்க் கூட்டம் கூடும்தான், ஆனால் அதையும் பங்கு வாரியாக நுழைவுச் சீட்டு கொடுத்து அடக்கலாம்.

அடுத்து, மாநாடு எதற்கு? 1973-ல் வந்த, திருப்பலிக்கு வெளியே நன்மை கொடுப்பதும் ஆராதனையும் பற்றிய சடங்குமுறை நூலில் மாநாட்டுக்கென்றே நான்கு எண்கள், 109 முதல் 112 வரை. திருப்பலிதான் மையமும் உச்சமும் என்று 112-ல் தெளிவாக இருக்கு. ஆராதனையும் பவனியும் அதற்குப் பின்னால்தான் வருது, அதுவும் பவனி ஊர் நிலவரம் பார்த்து. நீங்க கேட்பது வரிசையைத் தலைகீழாக்குவது.

சாம்பிராணி:
திருப்பலி மையம் என்றால் அங்கே நிற்கும் ஒவ்வொருவரும் வாங்கியே தீரணும் என்று அர்த்தமா? 1932 மாநாட்டில், டப்ளின் பீனிக்ஸ் பூங்காவில் நடுப்பகல் பெரிய பூசையில் கூட்டம் நன்மை வாங்கவில்லை. அதனால் அது மாநாடு இல்லாமல் போய்விட்டதா?

கடலோரன்:
அவர்கள் வாங்காததற்குப் பக்தி காரணமில்லை, ஐயா. நள்ளிரவிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால்தான் நன்மை என்ற நோன்பு விதி. நடுப்பகல் ஒரு மணிப் பூசைக்கு அது யாருக்கு முடியும்? விடியற்காலைப் பூசையில் வாங்கிவிட்டு, சாப்பிட்டு, பிறகு மைதானத்துக்கு வந்தார்கள். 1953-ல் தண்ணீருக்கு விலக்கு, 1957-ல் மூன்று மணி நேரம், 1964 நவம்பர் 21-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். ஒரே வாரத்தில், நவம்பர் 28-ல், பம்பாயில் 38-வது மாநாடு தொடங்கியது. இந்திய மண்ணில் கால்வைத்த முதல் திருத்தந்தை அவர்தான், அந்த மாநாட்டுக்காகவே வந்தார். நோன்பு தளர்ந்த பிறகு எந்த நேரத்துப் பூசையிலும் கூட்டம் வாங்கலாம் என்றானது. அதை விட்டுவிட்டு 1932-க்குத் திரும்பச் சொல்வது சரியில்லை.

இன்னொன்று. மாநாட்டின் நிறைவுப் பூசைக்கு ‘ஸ்டாட்சியோ ஓர்பிஸ்’ என்ற பெயர் 1960 மியூனிக்கில் வந்தது. வழிபாட்டு அறிஞர் யோசப் யுங்மன் கொடுத்த யோசனை. பழைய உரோமையில் ஆயர் ஒரு கோயிலைக் குறித்தால் நகரம் முழுக்க அங்கே ஒரே பலியில் கூடும், அதை உலகளவுக்கு விரித்தார். ஒரே பலி, ஒரே பந்தி என்பதுதான் கருத்து. பந்தியில் உட்காரவைத்து இலை போடாமல் அனுப்பச் சொல்றீங்க.

மூன்றாம்மணி:
இரண்டு பேரும் விதி பேசுறீங்க, கணக்கு யாரும் போடலை. நான் போடுறேன்.

லட்சம் பேர் என்று வையுங்க. எல்லாரும் வாங்க மாட்டாங்க, 70 விழுக்காடு என்று எடுத்தால் 70,000. ஒரு பாத்திரத்தில் 200 அப்பம்தான் போடணும், அதற்கு மேல் நிரப்பினால் நடக்கும்போதே சிந்தும். 70,000-ஐ 200-ஆல் வகுத்தால் 350 பாத்திரம், 350 பேர். நாவிலும் கையிலும் கலந்து வாங்கும் வரிசையில் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், அதாவது 200 பேருக்கு ஏறக்குறைய 20 நிமிடம். இது வெறும் கொடுக்கிற நேரம்.

நடக்கிற நேரத்தைத்தான் எல்லாரும் மறக்கிறாங்க. பீடத்திலிருந்து 400 மீட்டர் தள்ளி இருக்கும் பகுதிக்கு, அங்கியோடு, மூடிய பாத்திரத்தோடு, கூட்டத்துக்கு நடுவில் நிமிடத்துக்கு 50 மீட்டருக்கு மேல் போக முடியாது. போக 8, வர 8. மொத்தம் 36 நிமிடம். பாடகர் குழுவிடம் 20 நிமிடத்துக்குத்தான் பாட்டு இருக்கும். பாட்டு தீர்ந்ததும் நெறியாளர் பதற்றத்தில் நன்றி மன்றாட்டுக்குப் போய்விடுவார், பின்வரிசையில் பாதிப்பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்பாங்க.

அதனால் தூரப் பகுதிக்குப் போகிறவர்தான் முதலில் கிளம்பணும். பல இடங்களில் நேர்மாறாக நடக்குது: எல்லாரும் ஒரே நேரத்தில் படியிறங்குறாங்க, முதல் தடுப்பிலேயே மக்கள் சுற்றிக்கொள்றாங்க, 300 மீட்டர் போகவேண்டியவர் 60 மீட்டரில் தீர்ந்துபோய்த் திரும்புறார். முன்னால் இருக்கிறவங்களுக்கு இரண்டு வரிசை, பின்னால் ஒன்றுமில்லை. மணிலா மாதிரி கைமாற்றும் காட்சி எங்கிருந்து பிறக்குது என்று நினைக்கிறீங்க? பாத்திரம் தன்கிட்ட வரவே வராது என்று தெரிந்த இடத்திலிருந்துதான்.

நெய்தல்92:
அண்ணே, நன்மை கொடுக்கிறவர் பக்கத்தில் குடை பிடிக்கிறது எதற்கு? வெயிலுக்கா?

மூன்றாம்மணி:
மரியாதைக்கும் ஆச்சு, அடையாளத்துக்கும் ஆச்சு தம்பி. வெள்ளையும் மஞ்சளுமாகக் குடை உயர்ந்தால் 100 மீட்டரிலிருந்தே தெரியும், ஆள் தேடி ஓட வேண்டாம். குடைக்காரர் ஒருவர், பாதுகாவலர் ஒருவர், குரு ஒருவர், ஆக மூன்று பேர். வாங்கினவர் அங்கேயே, குருவின் கண்முன்னே உட்கொண்டாரா என்று பார்ப்பதுதான் பாதுகாவலரின் முழுநேர வேலை. ‘ரிதெம்ப்சியோனிஸ்’ 92-ல் உள்ளது அது. நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் பெரிய கூட்டத்தில் உண்டு, ஏதோ பிரசாதப் பொட்டலம் என்று நினைத்து.

காற்றையும் சொல்லிடுறேன். மூன்று செ.மீ. விட்டம், தாள் கனம். பாத்திரத்தின் விளிம்பு மட்டத்துக்கு அப்பம் இருந்தால் ஒரு வீச்சில் பத்து பறக்கும். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கணும், அகலத் தட்டு கூடவே கூடாது. மழை ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டு இரண்டாக வரும்.

சாம்பிராணி:
கணக்குக்கு நன்றி. அதுவே என் பக்கம்தான் பேசுது. 350 பாத்திரத்தையும் பீடத்தில் வைக்க முடியாது. அப்படியானால் தூரப் பந்தல்களில் வைக்கணும். 400 மீட்டருக்கு அப்பால், திரை மறைவில், பீடத்தின் கண்ணுக்கே எட்டாத அப்பத்துக்கு வசீகரம் (அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாக்கும் குருவின் வார்த்தை) எப்படிச் செல்லும்? ‘இது’ என்று சுட்டிச் சொல்லும் அளவுக்குப் பொருள் முன்னால் இருக்கணும் என்றுதான் இறையியலார் சொல்லிவந்திருக்காங்க.

2011 மாட்ரிட்டை நினைத்துப் பாருங்க. குவாத்ரோ வியேந்தோஸ் விமானதளத்தில் இரவுப் புயலில் நற்கருணைப் பந்தல்கள் சரிந்தன. மறுநாள் நிறைவுப் பூசையில் பெரும்பாலானோருக்கு நன்மையே இல்லை. உள்ளே இருந்தது வசீகரிக்காத அப்பம் என்றால் இழப்பு மாவு மட்டும். வசீகரித்த நற்கருணை இருந்து பந்தல் சரிந்தால் அந்தச் சேற்றில் யார் குனிந்து பொறுக்குவது?

கடலோரன்:
பந்தலில் வைத்துவிட்டு மைக்கில் வசீகரம் அனுப்பச் சொல்லி யாரும் கேட்கலையே. இரண்டு நல்ல வழி இருக்கு. ஒன்று, உரோமையில் புனித பேதுரு வளாகத்தில் செய்வதுபோல, கொடுக்கப்போகிறவர்கள் வசீகரம் நடக்கும் நற்கருணை மன்றாட்டு நேரத்தில் தங்கள் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பீடத்தின் இருபுறமும் நிற்பது. இரண்டு, தூரப் பகுதிகளுக்கு அன்று விடியற்காலைப் பூசையிலேயே வசீகரித்து, பூட்டுள்ள பேழையில் வைத்துக் காவலோடு பந்தலில் நிறுத்துவது. அதே பூசையில் வசீகரித்ததிலிருந்து மக்கள் வாங்குவது மிகவும் விரும்பத்தக்கது என்று திருப்பலி நூலின் பொதுவிதி 85 சொல்லுது. விரும்பத்தக்கது என்றுதான். மற்றது கூடாது என்று எங்கேயும் இல்லை. எல்லாப் பங்கிலும் ஞாயிறு இரண்டாம் பூசையில் பேழையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறதுதானே.

சாம்பிராணி:
பங்குக் கோயில் பேழை கல்லில் பதித்தது. உங்க பந்தல் துணி.

மூன்றாம்மணி:
அது நியாயமான அடி. துணிப் பந்தல் வேண்டாம், கொள்கலன் அறை வைக்கலாம். கப்பலில் வரும் 20 அடி இரும்புப் பெட்டி, உள்ளே பீடம், பேழை, விளக்கு. புயலுக்கு அசையாது, பூட்டு உண்டு. பார்க்க அழகில்லை, வெள்ளைத் துணி சுற்றிக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டு பேருமே தொடாத இடம் மிச்சம். 10 விழுக்காடு மிஞ்சினால் பரவாயில்லை. மழையில் கூட்டம் கலைந்து 30 விழுக்காடு மிஞ்சினால்? 21,000. அன்றே உட்கொள்வதென்றால் 350 குருக்களுக்கு ஆளுக்கு 60. நடக்காது. லிஸ்பன் பெட்டிகள் மாதிரி அசிங்கம் இங்கேதான் நுழையும், கையில் கிடைத்த பாத்திரத்தில் கொட்டி வைப்பது. அதனால் மிஞ்சுவதை எந்தெந்தக் கோயில் பேழைக்கு, எந்த வண்டியில், எந்தக் குருவோடு அனுப்புவது என்று முன்கூட்டியே எழுதிவைக்கணும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எண் வேணும். 350 போனது, 350 திரும்பியது என்று ஒருவர் குறிக்கணும். 349 வந்தால் மைதானத்தை மூடக்கூடாது.

பாத்திரம் கழுவும் இடத்தையும் கடைசியில்தான் நினைக்கிறாங்க. துகள் இருக்கும் நீரை உட்கொள்ளணும், மைதானத்துக் கழிவுநீர்க் குழாய்க்குள் விடக்கூடாது.

நெய்தல்92:
இரத்தம், அதாவது வசீகரித்த திராட்சை இரசம்? கிண்ணத்தில் கொடுப்பாங்களா?

மூன்றாம்மணி:
மக்களுக்குக் கிடையாது. இத்தனை பேருக்கு எவ்வளவு இரசம் என்று கணிக்க முடியாத இடத்தில் கொடுக்காதே என்று ‘ரிதெம்ப்சியோனிஸ்’ 102. குருக்களுக்குத்தான். பெரிய கூஜாவில் வசீகரித்துவிட்டுக் கிண்ணங்களில் ஊற்றக்கூடாது, 106. கிண்ணங்களில் முதலிலேயே ஊற்றி வைக்கணும், குருக்கள் தோய்த்து வாங்கணும். ஆயிரம் குருக்கள் ஒன்றாக நிறைவேற்றும் கூட்டுத் திருப்பலி என்றால் அதுவே கால்மணி நேரம். நன்மை கொடுக்கப் போகும் 350 பேரும் கூட்டுத் திருப்பலி செய்பவராக இருந்தால் அந்தக் கால்மணிக்குப் பிறகுதான் நகர முடியும். அவங்க மேலங்கியும் கழுத்துப்பட்டையுமாக வந்து கொடுக்க மட்டும் செய்யட்டும்.

கடலோரன்:
குருக்கள் ஒத்துக்க மாட்டாங்க. உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்துட்டு கூட்டுப் பலியில் நிற்காமல் போவாங்களா? குருக்கள் அல்லாத பொதுநிலைப் பணியாளர்களைப் போடுங்க.

சாம்பிராணி:
போட முடியாது தம்பி. குருக்கள் போதுமான அளவு இருக்கும்போது பொதுநிலைப் பணியாளரை நியமிக்கக்கூடாது, ‘ரிதெம்ப்சியோனிஸ்’ 157. கொஞ்சம் நேரம் நீளும் என்பது காரணமாகாது, 158. ஆயிரம் குருக்கள் பீடத்தில் உட்கார்ந்திருக்க, கீழே பொதுநிலையினர் ஓடுவதா? 2007-ல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் நற்கருணை பற்றிய தன் மடல் ‘சாக்ரமெந்தும் காரித்தாத்திஸ்’ 61-ல் பெரிய கூட்டுத் திருப்பலிகள் குறிதவறும் என்று எச்சரித்தது இதைத்தான்.

கத்தோலிக்கர் அல்லாதவர் வரிசையில் வருவதையும் யாரும் பேசலை. ‘ரிதெம்ப்சியோனிஸ்’ 84-ம் எண் பெருநகரக் கூட்டத்தைப் பெயர் சொல்லியே எச்சரிக்குது.

கடலோரன்:
அறிவிப்பு எதற்கு இருக்கு? அமைதிப் பகிர்வுக்கு முன்னாலேயே நான்கைந்து மொழியில், யார் வாங்கலாம், மற்றவர்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்தால் ஆசீர் கிடைக்கும் என்று. வரிசை தொடங்கிய பிறகு சொன்னால் அவமானப்படுத்துவதாக ஆகும்.

அதோடு கோதுமைப் பசைப்புரதம் ஒவ்வாதவர்களுக்குத் தனி இடம், பீடத்தின் ஒரே ஒரு பக்கம். பசைப்புரதம் முற்றிலும் நீக்கியது செல்லாது, குறைத்தது செல்லும் என்று 2017 சுற்றறிக்கை. அதை வேறு பாத்திரத்தோடு கலந்தால் பயனில்லை, கொடுப்பவரின் விரலிலும் மற்ற அப்பத்தின் பொடி ஒட்டியிருக்கக்கூடாது.

சாம்பிராணி:
சரி, ஒரு நிபந்தனையோடு இறங்கி வர்றேன். பெயர் எழுதிக் கொடுத்த 350 குருக்களும் திருத்தொண்டர்களும் ஒரு மாதம் முன்னால் கையில் இருக்கணும், ஒரு ஒத்திகைக்கு வந்திருக்கணும். 250 பேர்தான் தேறினாங்க என்றால், 100 பாத்திரத்தைக் குறைத்து, எந்தப் பகுதிக்கு நன்மை கிடையாது என்று முன்கூட்டியே அச்சடித்துக் கொடுக்கணும். கடைசி நேரத்தில் பாத்திரத்தை நிரப்பிக்கொண்டு ஓடுவது, பாதியாக உடைத்துச் சமாளிப்பது எதுவும் கூடாது.

மூன்றாம்மணி:
இதை ஒத்துக்கலாம். உடைத்தால் துகள் கூடும், கொடுக்கும் வேகமும் குறையும்.

கடலோரன்:
எனக்கும் சம்மதம். ஆனால் குறைக்கிற பகுதி முன்வரிசைச் சிறப்பு விருந்தினர் பகுதியாக இருக்கட்டும். அவங்களுக்குக் காலையில் பேராலயத்தில் பூசையும் இருக்கு, போய்வர வண்டியும் இருக்கு.